மேல்பாதையில் போன ராசாத்தி

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய பேச்சி மதினி,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் உன்னால் எனக்கு நிம்மதி இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினியானாய், எங்கள் எஸ்டேட் லயத்து வரிசையிலேயே பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தாய். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷம் இருந்தவள், கேட்க வேண்டியதை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சொல்ல வேண்டியதையாவது சொல்லியிருக்கக் கூடாதா?

நீ ஆரம்பித்த வாசிப்பு வட்டம் நடக்கிறது. மாதக் கடைசி ஞாயிறு, வாயனசாலை நூலகத்தின் மாடியில். “நம்ம மலையைப் பத்தி நம்ம ஆளுக எழுதுனதத்தான் வாசிக்கணும்” என்று சட்டம் போட்டுவிட்டு நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அப்படி எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், சொல்லேன்? மறையூரில் வெல்லம் காய்ச்சுகிறவர் எழுதிய ஒரே கதையை மூன்று தடவை வாசித்துவிட்டோம். தங்கராசு அண்ணாச்சி சூப்பர்வைசர் வேலையை விட்டு இறங்கி வருஷங்கள் ஆகியும், கதை வாசித்தால் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கிறது. எல்லோருக்கும் குடிக்கத் தேயிலை போடுவது இப்போதும் நான்தான். வேறு யாருக்கும் கை இல்லை போலிருக்கிறது.

உன் மகள் சுபா, அடிமாலி ஆஸ்பத்திரியில் நர்சாக ஓடிக்கொண்டிருக்கிற அந்த அவசரத்திலும், உன் நோட்டுகளில் இருந்த கதைகளைப் புத்தகமாகப் போட்டுவிட்டாள். இந்த மாதம் அதைத்தான் எடுத்தோம். எல்லோருக்கும் பெருமை. எனக்கு மட்டும் ஐந்தாவது கதையைப் படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்தக் கதையில் எஸ்டேட் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்தி, சமரம் என்று ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ராசாத்தி என்ற ஒருத்தி மட்டும் மேல்பாதை வழியாகத் திருட்டுத்தனமாகக் கொழுந்து கிள்ளப் போகிறாள். மகளுக்கு ஹாஸ்டலில் இடம் கிடைக்க எஸ்டேட் மேனேஜர் துரையின் கடிதம் வேண்டுமாம்.

நம் சமரத்தின்போது நான் அப்படிப் போனேன், மதினி. உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கை கால் விழுந்து படுத்திருந்த நேரம். “இந்த வீட்ல இருந்து ஆரும் வேலைக்கு வரலன்னா லயத்தக் காலி பண்ணணும்” என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னான். கூடையை மாட்டிக்கொண்டு மேல்பாதையில் ஏறினேன். வளைவில் நீ நின்றாய். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியில் என்னைக் கதையில் எழுதி, எனக்கு இல்லாத ஒரு மகளையும் கொடுத்திருக்கிறாய் என்று நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். என் வயிற்றில் பிறந்தது இரண்டும் பையன்கள் இல்லையா?

போன ஞாயிறு அண்ணாச்சி கதையை வாசித்து முடித்தார். “இவள மாதிரி ஒருத்தியாலதான் அன்னைக்குச் சமரமே தோத்துச்சு. பேச்சி சரியாத்தான் எழுதியிருக்கா” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒரு மணி நேரம் ராசாத்தியைப் போட்டு உரித்தார்கள். “அந்தப் பொம்பளைக்கு வெக்கமே கெடையாதா?” என்று அவர் கேட்டதும் கையில் இருந்த டம்ளர் தட்டை மேசையில் வைத்தேன்.

“வெக்கம் இருந்துச்சு அண்ணாச்சி. இன்னும் இருக்கு. அது நாந்தான்.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைசி பெஞ்சிலிருந்து மாரியக்கா எழுந்தாள். எழுபது வயது, வாசிக்கத் தெரியாது, கேட்பதற்காகவே வருகிறவள்.

“நீ ஏன்ட்டி அழுவுத? நானுந்தான் ரெண்டு நாள் போனேன். புக்கு வந்ததுல இருந்து, பேச்சி என்னையத்தான் எழுதிட்டான்னு நெஞ்சு அடிச்சிக்கிட்டுக் கெடக்கேன்.”

அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்த சுபா பையிலிருந்து உன் நோட்டை எடுத்து என் மடியில் விரித்தாள். ராசாத்தி வருகிற இடமெல்லாம் நீ முதலில் ‘நான்’ என்றுதான் எழுதியிருக்கிறாய். பிறகு அதை அடித்துவிட்டு, மேலே ‘ராசாத்தி’ என்று எழுதியிருக்கிறாய். பக்கம் பக்கமாக.

“அச்சுக்குக் குடுக்கும்போதே பாத்தேன் அத்தை. சொல்லத் தைரியம் வரல. என் ஹாஸ்டல் சீட்டுக்காக அம்மாதான் போயிருக்காங்க.”

அதனால்தானா நீ அந்த வளைவில் நின்றாய்? உன் முதுகில் கூடை இருந்ததா என்றுகூட நான் பார்க்கவில்லையே! நீ என்னைப் பார்த்துவிட்டாய் என்று நான் ஒடுங்கினேன். நான் உன்னைப் பார்த்துவிட்டேன் என்று நீ ஒடுங்கினாய். இப்படியே எத்தனை மழைக்காலம் போயிருக்கிறது? இரண்டு பேரில் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் அழுது, சிரித்து முடித்திருக்கலாம். என்ன ஜென்மம் மதினி நாம்?

இதில் என் குற்றமும் இருக்கிறது. உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கனகம், ஒண்ணு சொல்லணும்” என்றாய். மேல்பாதையைப் பற்றிக் கேட்கப் போகிறாய் என்று பயந்து, “பேசாமப் படு” என்று உன் வாயை அடைத்தேன். நீ சொல்ல வந்தது இதுதானா?

அண்ணாச்சி மூடிய புத்தகத்தை மறுபடி விரித்தார். பிறகு, “தாயி, அத இன்னொருக்கா வாசிக்கட்டுமா?” என்று என்னைக் கேட்டார். ராசாத்தி என்ற பெயர் வந்த இடமெல்லாம் அவர் குரல் தடுமாறியது. மாரியக்கா என் கையை விடவேயில்லை.

அடுத்த மாதம் நான் எழுதி வாசிக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. சுபாவும் சரி என்றுவிட்டாள். எனக்கு உன்னைப் போல எழுத வராது. ஆனாலும் எழுதுகிறேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. ‘நானும் என் மதினியும் அன்றைக்கு மேல்பாதையில் போனோம்’ என்றுதான் ஆரம்பிப்பேன். ஒரு எழுத்தைக்கூட அடிக்க மாட்டேன்.

இன்னும் கோபம் தீராத உன் நாத்தனார்,
கனகம்