வெறுங்கால் நேர்த்தி

ஆடி, வெள்ளிக்கிழமை இரவு

இன்று அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து செட்டிபாளையம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பொழுதுபடத் தம்பி சுவிஸிலிருந்து வீடியோவில் வந்தான். அகதி வழக்கு முடியாததால் அவனால் ஊருக்கு வர முடியாது. அப்பா எழும்ப வேண்டும் என்று கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடக்க நேர்ந்தவன், அந்த நேர்த்தியை அங்குள்ள மலைப்பாதையில் நடந்து தீர்க்கிறான். வால்சர் என்ற சனம் பல நூறு வருடங்களுக்கு முன் மலைதாண்டி வந்து குடியேறிய ஊர்கள் வழியாகப் போகும் பாதையாம். கறுத்துப்போன மரவீடுகளைக் காட்டினான். கைபேசி சரிந்தபோது அவன் கால் தெரிந்தது. குதிக்கால் வெடித்திருந்தது. பெருவிரலில் சீலைத்துண்டு சுற்றியிருந்தான்.

"என்னடா இது? சப்பாத்து எங்க?"

"கதிர்காமத்துக்கு நடக்கிறவங்க சப்பாத்தா போடுறவங்க, அக்கா? நாளைக்குப் பெரிய மலையொண்டு ஏறணும். மேல பனி கிடக்காம். அப்பா எப்பிடி?"

"வீட்ட கூட்டிட்டு வந்திட்டம்" என்றேன்.

அவன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "பாத்தீங்களா அக்கா, முருகன் கைவிடல்ல."

அவன் நடக்கத் தொடங்கியதிலிருந்து அம்மாவும் வீட்டில் மீன் சமைப்பதில்லை. இன்றும் பருப்பும் கீரையும்தான். அடுத்த அறையில் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது.

சப்பாத்தைப் போடு என்று சொன்னால், நேர்த்தியால் பயனில்லை, அப்பா பிழைக்கமாட்டார் என்று சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் அந்தக் காலோடுதான் நாளைக்குப் பனியில் ஏறுவான்.

நான் சொல்லவில்லை.