பார்க்குச் சமையல்காரர் வீட்டுக் கல்யாணம்

ஏப்ரல் 6, ஞாயிறு

யாதிராவின் கல்யாண உடுப்பு இன்னும் இடுப்பில் பிடிக்கிறது. பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டும். கடையில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தைத்துத் தள்ளுகிறேன், பெற்ற மகளுடையது மட்டும் சரியாக வரமாட்டேன் என்கிறது.

கேக் யாதிராவின் ஞானத்தாய் பொறுப்பு. பாட்டுக் குழு என் தம்பி பொறுப்பு. பூ, மோதிரம், ஹால் எல்லாவற்றுக்கும் ஆள் ஏற்றுக்கொண்டாயிற்று. சாப்பாட்டுக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை, அதை என் வீட்டுக்காரர் சோன் தன் தலையில் போட்டுக்கொண்டார். "என் மக கல்யாணத்துக்கு என் கையால மோலே" என்று பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னார். கல்யாணம் என்றால் மிளகாய் அரைத்த அந்தக் கெட்டிச் சாறுதான், யார் வேண்டாம் என்பார்கள்? பெரிய கேளிக்கைப் பார்க்கில் இருக்கும் மெக்சிகோ சாப்பாட்டுக் கடைக்கு எத்தனையோ வருஷமாக அவர்தான் தலைமைச் சமையல்காரர். பார்க்குக்குப் பக்கத்தில், சான்டா ஆனாவில் எங்கள் தெருவே அவரைச் 'செஃப்' என்றுதான் கூப்பிடுகிறது.

வீட்டில் ஒரு முட்டை பொரிக்க மாட்டார். "நாள் பூரா வடிச்சுக் கொட்டிட்டு வர்றேன் ஒஃபேலியா, இங்கயுமா?" என்பார். அதுவும் நியாயம்தான்.

சனிக்கிழமை சம்பந்தியம்மாவைப் பார்க்குக்குக் கூட்டிப்போகிறோம். அம்பாரோ அம்மாள் மெக்சிகோவில் பூவெப்லாக்காரி. மோலே என்றால் அவர்கள் ஊர்தான் என்று நினைப்பு. நினைக்கட்டும். சோன் மோலேயைச் சாப்பிட்டுவிட்டுப் பேசட்டும்.

ஏப்ரல் 12, சனி

எழுதித்தான் ஆகவேண்டும், யாரிடம் போய்ச் சொல்ல?

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் வழக்கம்போல லொஞ்சே, அதாவது கட்டுச்சாப்பாடு, சாப்பிடப் பார்க்கை விட்டு வெளியே கிளம்பினோம். திரும்ப உள்ளே விடக் கையில் முத்திரை குத்திக்கொண்டு, வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து, டிக்கியைத் திறந்து, வீட்டில் சுற்றிக்கொண்டு வந்த புரித்தோ ரொட்டிச் சுருளைச் சாப்பிடுவது. எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். அந்த நேரத்துக்கு அங்கே போனால் திருவிழாக் கூட்டமாக இருக்கும். யாதிரா கைக்குழந்தையாக இருந்தபோதிருந்து போகிறோம், ஒருநாள்கூட உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. சோனும் விடமாட்டார். "உள்ள கொள்ளை விலை, யாராவது திம்பாங்களா" என்பார்.

அம்பாரோ அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். "சம்பந்தி சமைக்கிற இடம் இங்க இருக்கு. நான் கார் டிக்கியில குந்திச் சாப்பிடணுமா? எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. பார்க்கட்டும் என்றுதான் கூட்டிப்போனேன். யாதிராவும் மாப்பிள்ளை எஃப்ரேனும் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். கடை வாசலில் தொப்பி போட்ட கழுதை பொம்மை. உள்ளே நாலாபக்கமும் காகிதத் தோரணம். என்சிலாடா, சாறு ஊற்றின ரொட்டிச் சுருள், கேட்டோம். கேட்டு உட்காருவதற்குள் வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் எப்படி வரும்?

மேலே மஞ்சள் சீஸ் ஒரு போர்வை. நூல் வராத சீஸ். அதன்மேல் கறுப்பு ஆலிவ் வில்லைகள். பக்கத்தில் நறுக்கிய லெட்யூஸ், பட்டாணி போட்ட சோறு. தோர்த்தியா ரொட்டியை எண்ணெயில் வாட்டக்கூட இல்லை, ஊறிப்போய் மாவாகக் கிடந்தது. சாறு இருக்கிறதே, கடவுளே, இனித்தது. தக்காளிக் கெச்சப்பில் சீரகம் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. மிளகாய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அந்தத் தட்டுக்குத் தெரியாது.

அம்பாரோ அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார், விழுங்கினார், வாயைத் துடைத்துக்கொண்டார். "சம்பந்திக்கு இன்னிக்கு லீவோ?" என்று கேட்டார்.

"ஆமாம், லீவு" என்றேன். வாயில் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற பெண் உள்ளே பார்த்துக் கத்துகிறாள்: "செஃப் சோன், இன்னும் மூணு என்சிலாடா."

திரும்பிப் பார்த்தேன். தட்டு நீட்டுகிற ஜன்னலுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் கத்தரிக்கோல். பெரிய பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டி, சாற்றைத் தட்டில் பிதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மா கைத்துணியை மடித்துவைத்தார். "இடம் ரொம்ப அழகா இருக்கு" என்றார். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கோயில் வாசலில் இரண்டு பேர் "செஃப் வரலியா? மோலேக்கு நாக்கு ஊறுது" என்றார்கள். சிரித்துவைத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

கேட்டேவிட்டேன். வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை உங்க கடையில சாப்பிட்டேன்."

ஒரு ஷூ கையில் அப்படியே இருக்க, என்னைப் பார்த்தார். "எதுக்கு உள்ள வந்தே?" என்றார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது.

"யோவ், பையை வெட்டி ஊத்தறதுக்குப் பேரு சமையலா? இத்தனை வருஷம் இதைத்தான் பண்ணிட்டு வந்து வடிச்சுக் கொட்டினேன்னு சொன்னீங்களா?"

ஷூவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கடை திறந்த புதிதில் அவரே மிளகாய் வறுத்து அரைத்தாராம். ஒருத்தர் இருமினார், தட்டு திரும்பி வந்தது. ஒரு குழந்தை அழுதது, மேலிடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். முதலில் அர்போல் மிளகாயை நிறுத்தச் சொன்னார்கள். அடுத்த சீசன் குவாஹியோ மிளகாயைக் குறைக்கச் சொன்னார்கள். அப்புறம் சர்க்கரை சேர்க்கச் சொன்னார்கள், அப்புறம் சீஸ். ஒருநாள் லாரியில் பை வந்து இறங்கியது. "ஒரேடியா வந்திருந்தா வேலையை விட்டிருப்பேன் ஒஃபேலியா. கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க யாரும் சாப்பிட வரலியே" என்றார்.

எங்கள் தெருவில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் அந்தக் கடையில் காசு கொடுத்துச் சாப்பிட்டிருந்தால் இது என்றைக்கோ தெரிந்திருக்கும். எல்லாருக்கும் டிக்கிதான்.

மேசையில் தட்டு வைத்தேன். அவர் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 16, புதன்

சம்பந்தியம்மா போன். குரலில் தேன். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? பொண்ணைப் பெத்தவங்க நிம்மதியா உக்காருங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல என் ஓரகத்தி பெரிய பெரிய விசேஷமெல்லாம் சமைக்கிறா. மோலே அவ கொண்டு வரட்டும்."

வீட்டில் கலந்து சொல்கிறேன் என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த அம்மாள் மோலே கொண்டுவந்தால், ஏன் என்று நூறு பேர் கேட்பார்கள். சோன் அதற்கப்புறம் தெருவில் எப்படி நடப்பார்? கோபம் தீரவில்லை, ஆனால் அவர் தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படித்தான் இருக்கிறதோ.

யாதிராவிடம் சொன்னேன். அவள் உடுப்பை அளவு பார்த்துக்கொண்டே, "அப்பா சமைக்கிறது அப்படித்தாம்மா இருக்கும், எனக்குத் தெரியும்" என்கிறாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பள்ளிக்கூடத்துல பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனப்ப சாப்பிட்டேன். அப்பா எனக்குச் சீஸ் அதிகமா போட்டாரு. உங்கிட்ட சொன்னா அவர் மானம் போயிடும்னு விட்டுட்டேன்."

அப்போது பத்து வயசுப் பிள்ளை. அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. நான் பெற்றதுதானா இது?

"அப்ப அம்பாரோ அத்தை சொல்றபடி விட்டுடலாமா?"

"கூடாது. அப்பாதான் சமைக்கணும். நல்லா இல்லன்னாலும் சரி" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். ஊசி குத்திவிட்டது என்று சமாளித்தாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

சோன் இன்று வீட்டில் மோலே வைத்துப் பார்த்தார். முலாத்தோ, பாசியா, சிபோத்லே என்று மிளகாய் எல்லாம் நானே தேர்ந்து வாங்கி வந்தேன். வறுத்தபோது எழுந்த நெடியில் நாங்கள் இரண்டு பேரும் இருமினோம். எள், பட்டை, கிராம்பு, வறுத்த தோர்த்தியா என்று கை தானாகப் போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரியாத ஆள் கையில்லை அது. அரைத்து முடித்ததும் வீடு முழுக்க வாசனை, எனக்கு உயிர் வந்தது.

ரவிக்கை ஒன்றுக்கு விளிம்பு தைக்க உள்ளே போனேன். திரும்பி வந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால், பார்க் சாறு. கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பாதிச் சர்க்கரை டப்பா காலி. மக்காச்சோள மாவு வேறு கரைத்து ஊற்றியிருக்கிறார்.

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார், "இன்னும் காரம் அதிகமா இருக்கோ?"

விளையாடவில்லை. நிஜமாகவே கேட்டார். நெற்றி வேர்த்திருந்தது.

சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் இந்த மேசையில் மிளகாய்ச் சல்சாக் கிண்ணம் என் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அவர் ஒருநாளும் "அதை இப்படித் தள்ளு" என்று கேட்டதில்லை. பீன்ஸும் சோறும் கலந்து, பால் விட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். களைப்பு என்று நினைத்தேன். எதிரில் உட்கார்ந்து தினமும் சாப்பிடுகிறவள் நான். என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஏப்ரல் 22, செவ்வாய்

அடுத்த வீட்டுச் சாயோவிடம் மட்டும் சொன்னேன். யாதிராவின் ஞானத்தாய் அவள்தான், வெளியே விடமாட்டாள். சிரித்துச் சிரித்துக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது அவளுக்கு.

"அடியே, என் புருஷன் சமைக்கத் தெரியாதுங்கறான், சமைக்கவும் மாட்டான். உன் ஆளுக்குக் கை இருக்கு, நாக்குதான் இல்ல. என்னுதுக்கு ரெண்டும் இல்ல. நீ அழறே?"

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "எங்க கெடுக்கறான் அவன்? அரைக்கறப்பவா, ருசி பாக்கறப்பவா?" என்று கேட்டாள்.

ருசி பார்க்கும்போது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கரண்டியைப் பிடுங்கிவிட்டேன்.

"நீங்க வறுங்க, அரைங்க, கிண்டுங்க. ருசி பாக்கக் கூடாது. வாயில வச்சீங்கன்னா கையை உடைச்சிடுவேன்."

"ருசி பாக்காம எவன்டி சமைப்பான்?"

"நீங்க சமைப்பீங்க."

முனகிக்கொண்டே கிண்டினார். இரண்டு தடவை கை தானாக உப்புப் பார்க்கிற ஸ்பூன் பக்கம் போயிற்று, அடித்தேன். சர்க்கரை டப்பாவை எடுத்துப்போய்ச் சாயோ வீட்டில் வைத்துவிட்டேன். கடைசியில் நான் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன்.

என்ன சொல்ல. எனக்கு அப்படி வராது. தைக்கிற கை என்னுடையது, இது வேறு கை. இந்தக் கையை வைத்துக்கொண்டா இந்த மனுஷர் பை வெட்டிக்கொண்டிருந்தார்?

"எப்படி இருக்கு?" என்றார், பயந்துகொண்டே.

"இருக்கு" என்றேன். சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, உங்கள் ஓரகத்தி விருந்தாளியாக வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மே 16, வெள்ளி

பின்கட்டில் மூன்று பெரிய அண்டா. வான்கோழி வெந்துகொண்டிருக்கிறது. இடுப்பு ஒடிகிறது. ருசி பார்க்கிற வேலை முழுக்க எனக்குத்தான்.

மே 18, ஞாயிறு

நேற்று கல்யாணம் முடிந்தது.

பெண் அழகாக இருந்தாள், உடுப்பு உட்கார்ந்தது. அதையெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

மோலே. முதல் பந்தியிலேயே பேச்சு நின்றுவிட்டது. தட்டுச் சத்தம்தான் கேட்டது. பாட்டுக்காரர்கள் கருவியை வைத்துவிட்டு வரிசைக்கு வந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஓரகத்தி இரண்டாவது தடவை வந்து, "பாசியா கொஞ்சம் கூடவோ?" என்று சோனிடம் தொழில் பேசினாள். அம்பாரோ அம்மாள் தோர்த்தியாவால் தட்டை வழித்துவிட்டார், ஒரு சொட்டு மிச்சமில்லை. எனக்கு அது போதும். அத்தோடு நின்றிருக்கலாம்.

அம்பாரோ அம்மாள் எழுந்தார். தன் கையாலேயே ஒரு தட்டு நிறையப் போட்டு, சாற்றைத் தாராளமாக ஊற்றி, சோனை நடு மேசையில் உட்காரவைத்தார். "ஊருக்கெல்லாம் போட்டீங்க சம்பந்தி, நீங்க வாயில வைக்கல. உங்க மேல நான் தப்பு நெனச்சிட்டேன். நீங்க சாப்பிடாம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து போய்த் தடுக்கலாம் என்றால் நடுவில் அத்தனை பேர்.

சோன் தோர்த்தியாவில் ஒரு துண்டு கிழித்து, தொட்டு, வாயில் வைத்தார். மென்றார். கழுத்து சிவந்தது. மூக்கு நுனி சிவந்தது. கண் இரண்டும் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். அதற்கும் வழிந்தது.

"பொண்ணைப் பெத்தவர், அழத்தானே செய்வார்" என்று யாரோ சொன்னார்கள். அம்பாரோ அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாதிரா மட்டும் மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். அது காரத்தில் வந்த கண்ணீர் என்று அவளுக்கும் தெரியும்.

தட்டு முழுவதையும் சாப்பிட்டார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கிட்டே போய் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார், "நல்லா இருக்கா ஒஃபேலியா? எனக்கு எரியறது மட்டுந்தான் தெரியுது."

நல்லா இருக்கு என்றேன். ரொம்ப நல்லா இருக்கு.

மே 25, ஞாயிறு

சோன் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார், இன்று பார்க்கில் கூட்டம். மத்தியானம் சம்பந்தியம்மா வந்தார், மோலே எப்படி வைத்தார் என்று கேட்கத்தான். அவரையே கேளுங்கள் என்றேன்.

சாயங்காலம் சல்சா அரைத்தேன். மிளகாய் போடுவதற்கு முன்னால், தக்காளியும் வெங்காயமும் மட்டும் அரைத்தபோது, ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து, வேலையிலிருந்து வந்த சோன் பக்கத்தில் வைத்தேன். அவர் பார்த்தார். முழுவதையும் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.