சேவியர் அண்ணனுக்கு, உப்பேறிய பாத்திகளிலிருந்து

என் ஆசை அண்ணா,

நேற்று அண்ணியும் நானும் உன் நிலத்தில் போய் நின்றோம். ஒன்றும் இல்லை. தரை முழுக்க வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கிறது. நல்ல செய்தி ஏதாவது எழுதலாம் என்றுதான் இத்தனை மாதம் காத்திருந்தேன். வரவில்லை. இருப்பதை எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கால் நசுங்கி உன் வேலை போனது. ராயபுரத்து வீட்டில் முடங்கிக் கிடக்க மாட்டேன் என்று, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி அண்ணியின் அப்பா விட்டுப்போன நிலத்துக்குக் குடிபோனாய். கீரை போட்டாய். முதலில் நன்றாகத்தான் வந்தது. பிறகு போர்வெல் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. முளைத்த கீரை ஓரம் கருகி, விரலளவிலேயே நின்றுபோனது.

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் உயிர் உரம் தயாரிக்கிறோம். கழிமுகத்து உமரிச்செடி உப்பிலேயே பச்சையாக நிற்கிறதே, அதன் வேரோடு வாழும் நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்திருந்தோம். உனக்கு ஒரு பாக்கெட் கொண்டுவந்தேன்.

"இன்னாமா இது, பூச்சி மருந்தா?"

"மருந்து இல்லண்ணா, உயிரு. விதையில கலந்து போட்டா வேரைச் சுத்திப் பசை மாதிரி ஒட்டிக்கும். உப்பை உள்ள வுடாம கொஞ்சம் தடுக்கும். செடி தவிச்சுப்போய் வளர்றதையே நிறுத்திக்குது இல்ல, அந்தத் தவிப்பையும் கொறைக்கும்."

"அப்ப மண்ணுல கீற உப்பு போயிடுமா?"

"போவாது. செடி தாங்கிக்கும்."

பாதிப் பாத்திகளில் நுண்ணுயிர் கலந்த விதை, மீதியில் வெறும் விதை என்று போட்டாய். கலந்த பக்கம் கீரை முழங்கால் உயரம் வந்தது. மறுபக்கம் வழக்கம்போல் கருகியது. நீ வரப்பில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாய். "கத்திரியும் வெச்சிப் பார்க்கலாம் ஸ்டெல்லா" என்றாய். அடுத்து என்ன செய்யலாம் என்று நீ பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் கடல் ஏறியது. கழிமுகத் தண்ணீர் கரையை அரிக்கிறது என்று கேட்டதும் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அந்தக் காலோடு ஓடினாயாம். அண்ணி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாராம்: "வுட்டுத் தள்ளுய்யா, கீரைதானே." நீ திரும்பிப் பார்த்து, "இந்த வாட்டி நல்லா வந்துகினு கீது பிலோமினா" என்றாயாம். நீ பேசியது அதுதான் கடைசி. கரை உன்னோடு சேர்ந்து சரிந்தது. கடல் தண்ணீர் பாத்திகளுக்குள் புகுந்து நின்றது. கழிமுகத்தில் வெள்ளம் தணிந்த பிறகு, மீன் பிடிக்கப் போனவர்கள் உன்னைத் தூக்கி வந்தார்கள்.

அண்ணா, பாத்திகள் எல்லாமே கருகிக் கிடந்திருந்தால் நீ ஓடியிருப்பாயா? இதை யாரிடம் கேட்பது? ஆய்வுக்கூடத்தில் பாக்கெட்டுகளை அடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. அண்ணி ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அவரேதான் என்னைத் திரும்பக் கூப்பிட்டார். "அவுரு போட்ட மாதிரியே போட்டுப் பார்க்கலாம்." போட்டோம். முளைக்கவே இல்லை. ஒரு மழை பெய்யட்டும் என்று காத்திருந்து மறுபடி போட்டோம். முளைத்தது, அண்ணா. அண்ணி தினமும் போய்ப் பார்த்தார். இலை விரிந்ததும் ஓரம் பழுத்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டது.

வேரையும் மண்ணையும் எடுத்துப்போய்ச் சோதித்தேன். நுண்ணுயிர்கள் உயிரோடுதான் இருந்தன. நிறையவே இருந்தன.

"அதுங்க மட்டும் உயிரோட கீதா?" என்று கேட்டார் அண்ணி.

"அதுங்க உப்புலயே பொறந்ததுங்க அண்ணி. செடிக்கு ஒத்தாசை பண்ணும், அவ்ளோதான். கடல் தண்ணி நின்ன மண்ணுல அந்த ஒத்தாசை பத்தல. நல்ல தண்ணி வுட்டு உப்பைக் கழுவணும்."

"கழுவுன தண்ணி எங்க போவும்?"

சுற்றிலும் மண் கொட்டி மேடாக்கி லாரி நிறுத்துகிறார்கள். உன் நிலம் நடுவில் கிண்ணம் மாதிரி கிடக்கிறது. மழைத் தண்ணீருக்கே வெளியே போக வழியில்லை. போர்வெல்லில் வருவதும் உப்பு.

அண்ணி இப்போது மாத்தூரில் ஒரு லாரி ஷெட்டில் சமைக்கப் போகிறார். நேற்று அந்த வெள்ளைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டெல்லா, இனிமே அந்தப் பாக்கெட்டை எடுத்தாராத. மொளைச்சா ஆசை வந்துடுது. அப்பால சாவுறதைப் பார்க்க முடியல." சரி என்றேன்.

வாய்க்காலும் வடிகாலும் உள்ள ஊர்களில் இதே நுண்ணுயிரால் நெல் தேறியிருக்கிறது என்று விவசாயிகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சொல்கிறார்கள். சந்தோஷப்படத்தான் வேண்டும். முடியவில்லை.

உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உன் மண்ணை எடுத்துச் சோதிப்பேன். உப்பு இறங்கியிருந்தால் அண்ணியிடம் சொல்வேன். இறங்காது என்றுதான் நினைக்கிறேன். அதையும் உள்ளபடியே சொல்வேன். அவருக்குப் பொய்யாக ஆசை காட்ட மாட்டேன். கடல் ஏறும் நாட்களில் அவரை அந்தக் கரைப் பக்கம் தனியாக விடவும் மாட்டேன்.

உன்னோடு பிறந்தவள்,
தங்கச்சி ஸ்டெல்லா