அலமாரிச் சின்னத்துக்கு விழுந்த ஆறு ஓட்டு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை, ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் சொல்ல நினைத்ததைச் சொல்லியிருக்க முடியாது, இந்த வீட்டில் போன் அடித்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் ஹலோ சொல்வாள். அதனால்தான் கடிதம். உன் மனைவி கோபித்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனது பற்றி உன்னிடம் எவ்வளவு சொன்னாள் என்று தெரியாது. குறைத்துத்தான் சொல்லியிருப்பாள் என்பது என் சந்தேகம், அவள் சுபாவம் அப்படி. முழுவதையும் நான் எழுதுகிறேன், பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

சட்டமன்றத் தேர்தலில் உன் தாய்மாமன் சுயேச்சையாக நின்றதும், அவனுக்கு அலமாரிச் சின்னம் கிடைத்ததும் உனக்குத் தெரியும். ஒரு மாதம் உன் அம்மா வீடு வீடாகப் போகவில்லை, நம் வீட்டு அலமாரியையே பிரசாரத்துக்கு வைத்துக்கொண்டாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட விடவில்லை, அதன் கதவைத் தட்டிக் காட்டி, "இதை ஞாபகம் வெச்சுக்கோங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். தெருவில் கேட்ட அத்தனை பேரும் உங்களுக்குத்தான் என்றார்கள். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. முப்பது வருஷம் எடைமேடையில் உட்கார்ந்தவன் நான், லாரி மேடை ஏறினதும் டிரைவர் உள்ளே இருக்கிறானா இறங்கிவிட்டானா, டயருக்கு அடியில் கல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் இப்படி ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டே பேசுகிறவனை இரண்டு தடவை எடை போடத் தோன்றும்.

ஓட்டு எண்ணின அன்று உன் மாமன் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு பூத்துக்கும் தனக்கு எவ்வளவு என்று தாளில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறான். மொத்தம் முந்நூற்றுப் பதினொன்று. ஜெயித்தது உன் மாமனார் வட்டச் செயலாளராக இருக்கிற கட்சி. உன் மாமன் சாயங்காலம் நேராக நம் வீட்டுக்கு வந்தான், தோற்றதைப் பற்றியோ டெபாசிட் போனதைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை, தாளை விரித்து நம் பூத்தில் விரலை வைத்தான். ஆறு. நீ ஓட்டுப் போட வரவில்லை, நம் வீட்டில் நான், அம்மா, உன் மனைவி என்று மூன்று, அவன் வீட்டில் அவன், அவன் மனைவி, இரண்டு மகள்கள் என்று நான்கு, ஆக ஏழு. தெருக்காரர்கள் ஏமாற்றினது போகட்டும், குடும்பத்துக்குள்ளேயே ஒன்று குறைகிறது. "நான் யாரையும் சொல்லலக்கா" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். அப்படிச் சொன்னாலே யாரையோ சொல்வதாகத்தானே அர்த்தம்.

அவன் தலை மறைந்ததும் உன் அம்மா ஆரம்பித்தாள். ஓட்டுப் போட்ட அன்று உன் மனைவி ஏன் நம்மோடு வராமல் பின்னால் வந்தாள், வரிசையில் யாரோடு பேசினாள், காலையில் அவள் அப்பாவிடமிருந்து போன் வந்தபோது ஏன் மாடிக்குப் போனாள் என்று ஒவ்வொன்றாகக் கோர்த்தாள். போலீஸ்காரர்கூட அவ்வளவு கோர்க்க மாட்டார். அந்தப் பெண் ஒரே பதில்தான் சொன்னாள், "அலமாரிக்குத்தான் போட்டேன் அத்தை." அப்படியானால் சத்தியம் பண்ணு என்றாள் உன் அம்மா. "சொன்னதை நம்பாதவங்க சத்தியத்தை மட்டும் நம்பிடுவீங்களா" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள், மறுநாள் காலையில் பையோடு வெளியே வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் அம்மா வீடு, ஆனாலும் வாசலைத் தாண்டும்போது ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் பேப்பர்.

இனிமேல் எழுதுவதுதான் விஷயம். அந்தக் குறைந்த ஓட்டு என்னுடையது. ஓட்டுப் போடப் போகும்போது பூத்துக்கு வெளியே உன் மாமன் நாலு பேர் நடுவில் என் தோளில் கையைப் போட்டு, "அத்தான் ஓட்டு எங்க போயிடும், அது என் சட்டைப் பையில இருக்கு" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மாதிரிதான், நம் வீட்டில் எதை முடிவு பண்ணினாலும் அவனைக் கேட்டாயிற்றா என்பாள் உன் அம்மா, என்னைக் கேட்டாயிற்றா என்று யாரும் கேட்டதில்லை. மெஷின் முன்னால் நின்றதும் கை அலமாரியைத் தாண்டிப் போய்விட்டது. எங்கே போனது என்று உனக்கும் சொல்ல மாட்டேன். எந்தச் சின்னத்துக்குப் போட்டேன் என்று காட்டுகிற அந்தச் சீட்டு மெஷின் கண்ணாடிக்குள் கொஞ்ச நேரம் நின்றது பார், யாரோ என் முதுகுக்குப் பின்னால் நின்று படிக்கிற மாதிரி வேர்த்துக் கொட்டியது. வெளியே வந்து உன் அம்மாவிடம் தலையை ஆட்டினேன். அவள் உன் மனைவியைக் குடைந்தபோது, நான்தான் என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். சொல்லவில்லை. மருமகளாவது அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்துவிடுவாள், எனக்குப் போக இடம் இல்லையே என்று நினைத்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் நினைத்ததில்லை.

அதற்கப்புறம் இன்னொரு பயம். யார் எதை அழுத்தினார்கள் என்று எங்காவது அடையாளம் இருக்குமோ என்று உன் மாமன் கொடுத்துவிட்டுப் போன வாக்காளர் பட்டியலை எடுத்து என் பெயரைத் தேடினேன். அடையாளம் ஒன்றும் இல்லை. ஆனால் உன் மாமன் வீட்டு எண்ணில் அவன் மனைவி இருக்கிறாள், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள், அவன் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். வீடு மாறி இரண்டு வருஷம் ஆகியும் தன் பெயரை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறான், அவன் ஓட்டு பழைய தெருவில், வேறு தொகுதியில். போய்க் கேட்டேன். மனுத் தாக்கல் பண்ணும்போதே தெரியுமாம். "ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டுட்டு எனக்கே நான் போட முடியாதுன்னு எப்படிச் சொல்றது அத்தான், அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். அவன் வாயை மூடிக்கொண்டதற்கு அவனைத் திட்டவும் எனக்கு வாய் இல்லை. டிரைவர் மேடையில் இருக்கிறானா என்று முப்பது வருஷம் பார்த்தவன், நிற்கிறவனே கணக்கில் இல்லை என்பதைப் பார்க்காமல் விட்டேன்.

ஆக நம் பூத்தில் இருந்த குடும்ப ஓட்டே ஆறுதான், விழுந்ததும் ஆறு. உன் அம்மாவிடம் இதைச் சொன்னால் எல்லோரும் சுத்தம், என் பெயரும் வெளியே வராது. ஆனால் என் ஒன்று போனால் ஐந்துதானே வந்திருக்க வேண்டும், ஆறாவதைப் போட்டது யார்? தெருவில் தலையாட்டினவர்களில் யாரோ ஒரு புண்ணியவான் நிஜமாகவே போட்டிருக்கிறான் போல என்று விட்டுவிட்டேன். உன் மனைவியைக் கூட்டிவரலாம் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு உன் மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவள் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள், முகம் வாடியிருந்தது. என் ஆறுக்கு ஆறு கணக்கை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். சம்பந்தி கையிலிருந்த பிரேமைத் துடைத்துக்கொண்டே கேட்டார், அப்புறம் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, "கணக்கு உதைக்குதே சம்பந்தி" என்றார். "என் கட்சிக்காரங்க காதுல விழுந்தா தொலைஞ்சேன். நானும் உங்க பூத்துலதான், நானும் அலமாரிக்குத்தான் போட்டேன். என் பொண்ணு வாக்கப்பட்ட குடும்பத்துல ஒருத்தர் நிக்கிறாரு, எப்படிப் போடாம இருக்கிறது? உங்க ஆறும் என் ஒண்ணும் சேர்ந்தா ஏழு வந்திருக்கணுமே" என்று சொல்லிவிட்டு மெதுவாகத் தன் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டுச் சந்தேகம் அவளைப் பெற்றவர் கண்ணிலும் வந்துவிட்டது. நான்தான் என்று சொல்லிவிட்டேன். சம்பந்தி பிரேமைப் பெட்டிக்குள் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார். உன் மனைவிதான் பேசினாள். "அத்தை கேட்டது வலிக்கல மாமா. நான் கிளம்பறப்போ நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்களே, அதுதான்" என்றாள். வீட்டுக்கு வா அம்மா என்றேன். "நான் அத்தைகிட்ட சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நேரில் சொல்ல நாலு தடவை அடுப்படி வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அதனால் இது வரை எழுதியதை உன் அம்மாவிடம் கொடுத்து, போஸ்ட் பண்ணுவதற்கு முன்னால் படித்துவிடு என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அலமாரியில் சாய்ந்து நின்று படித்தாள். தாள்களை அடுக்கி மேஜையில் வைத்தாள், புடவை மாற்றினாள், செருப்பைப் போட்டாள், சம்பந்தி வீட்டுத் தெருப் பக்கம் போனாள். மருமகளைக் கூட்டிவரப் போகிறாளா, தானும் அங்கேயே தங்கிவிடப் போகிறாளா என்று தெரியவில்லை. கையில் பை ஒன்றும் இல்லை, அதைத்தான் ஜன்னல் வழியாக முதலில் பார்த்தேன்.

நீ நல்லா இருக்க வேண்டும், நீயும் அவளும் சேர்ந்து நல்லா இருக்க வேண்டும். என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, இன்றைக்கே அவளுக்குப் போன் போடு, முதலில் அவள் சொல்வதைக் கேள். சம்பந்தி ஓட்டு விஷயம் நம் வீட்டைத் தாண்டிப் போக வேண்டாம். உன் பெயர் இன்னும் நம் வீட்டு எண்ணில்தான் இருக்கிறது, அதை மாற்றிவிடாதே.

இப்படிக்கு,
மூன்று பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா