முன்பாய்க்கு வந்த உருளை

பிப்ரவரி 1, 1953. ஞாயிறு

காலையில் நல்ல பனி. ராயபுரத்தில் எண்ணூர் ரயில் தாமதம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஹனீஃபா மடியில் ஒரு சாக்குப்பை. என்ன என்று கேட்டேன்.

"படகாண்ட போயி காட்றேன் மாமு. ரயில்ல வாணாம்."

ரயிலில் காட்டக்கூடாத சாமான் அப்படி என்ன? காயலான் கடை வைத்திருப்பவன். கப்பல் உடைசல் எதுவும் அவன் கைக்கு வராமல் போவதில்லை. வந்த வழியை நான் கேட்பதுமில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எண்ணூர் உப்பங்கழிக் கரையில் பையை அவிழ்த்தான். பித்தளை உருளை ஒன்று, சுழலும் வளையம் ஒன்று, சின்னக் கப்பிகள் இரண்டு. பாய்மரத்துக்கு முன்னால் விரியும் முன்பாயின் அடியில் உருளையை வைத்து, அதில் கயிற்றைச் சுற்றி, கயிற்றைப் படகின் பின்பக்கம் வரை கொண்டுவர வேண்டுமாம். பின்னாலிருந்து இழுத்தால் பாய் தானே சுருட்டிக்கொள்ளும்.

"முன்னாடி யாரும் தவுந்துகினு போவ வாணாம். கீய குந்திகினே இஸ்த்தா போதும்."

சந்தோஷம். ஆனால் முன்னாடி தவழ்ந்து போகிற அந்த "யாரும்" நான்தான். வெள்ளைக்காரன் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன இந்தப் படகை இருவரும் கூட்டாக வாங்கிய நாள் முதல் அதுதான் ஏற்பாடு. சுக்கான் ஹ.வுக்கு, முன்பாய் எனக்கு. காற்று கூடினால் படகின் மூக்கு வரை போய்ப் பாயைச் சுருட்டிக் கட்டுவது நான். அது வேண்டாம் என்றால் நான் எதற்கு?

கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தான். தானாக வாங்கித் தருகிறவன் அல்ல.

பிப். 3, செவ்வாய்

வெயில். துறைமுகத்தில் கோதுமைக் கப்பல். மூட்டை எண்ணும் வேலை நாள் முழுக்க. மேஸ்திரியின் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போனது. அதுவே சந்தேகமாக இருந்ததால் மறுபடி எண்ணச் சொன்னேன். கூலியாட்கள் திட்டினார்கள். மறுபடியும் சரியாக இருந்தது.

பால்காரன் தண்ணீர் கலக்குகிறான். கேட்டால் மாட்டின் மேல் சத்தியம் செய்கிறான்.

சாயங்காலம் தண்டையார்பேட்டை லேத் பட்டறை வழியாக வந்தேன். உள்ளே ஹ. இருந்தான். உருளைக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டுவண்டி மறைவில் நின்றேன்.

லேத்துக்காரர்: "இத்த மாட்டிட்டா ஒண்டி ஆளா ஓட்டலாம்ன்ற?"

ஹ.: "ஜோரா ஓட்டலாம். கூட ஒர்த்தன் எதுக்கு?"

என் காதால் கேட்டது. இருவரும் சிரித்தது உட்பட.

வீட்டுக்கு வந்து மனைவி தனத்திடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே, "அந்த மன்சனையும் நம்பலைன்னா அப்பால யாரத்தான் நம்புவீங்க?" என்றாள். உன்னை என்றேன். சிரித்துவிட்டு எழுந்து போனாள். எதற்குச் சிரித்தாள்?

முட்டிக்குத் தைலம். வலது பக்கம். மண்டி போட்டால் உள்ளே ஏதோ நெரிகிறது. யாருக்கும் தெரியாது, தைல வாசனையால் தனத்துக்கு மட்டும்.

பிப். 8, ஞாயிறு

மேகமில்லை. காற்று மத்தியானம்தான் எழுந்தது. படகைக் கரையில் சாய்த்து வைத்து நாள் முழுக்க வேலை.

செய்தவை:
- பழைய முன்கம்பி கழற்றியது. இனி பாயின் ஓரத்துக்குள் ஓடும் கம்பிதான் பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும்.
- அந்தக் கம்பியின் உச்சியில் சுழல் வளையம், அடியில் உருளை.
- உருளையைப் படகின் மூக்கிலுள்ள இரும்பு வளையத்தோடு ஒரு கனத்த ஆணியால் சேர்த்தது. ஆணிக்கு மரை இல்லை. கழன்று வராதபடி குறுக்கே ஒரு மெல்லிய பித்தளைப் பின், கால்களை மடக்கி.
- சுருட்டும் கயிற்றை இடது ஓரமாக வளையங்களில் கோத்துப் பின்பக்கம் கொண்டுவந்தது.
- பாய்க்கயிற்றுக் கப்பிகளைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தியது.

கயிறு கட்டும் கொம்பை எங்கே வைப்பது என்று அரை மணி. ஹ. உட்கார்ந்து கண்ணை மூடிக் கையை நீட்டினான், சாக்கட்டியால் குறித்தான். பிறகு என்னையும் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொன்னான். கேலியா, ஆறுதலா?

என் கையால் அடித்த பழைய கொக்கிகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டான். எடைக்குப் போய்விடும்.

படகுகளுக்குக் காவல் இருக்கும் எட்டி என்பவன் பக்கத்தில் வந்து, "பொதங்கெயம கடைக்காரரு மட்டும் வந்து குந்தி குந்திப் பாத்துட்டுப் போனாரே, ஒனக்குத் தெரியாதா?" என்றான். தெரியாது. வேலை நாளில், எனக்குச் சொல்லாமல், தனியாக. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஹ. டீ வாங்கப் போனான். அப்போது செய்தேன். குறுக்கே இருந்த பின்னின் காலை நிமிர்த்தி உருவி, தண்ணீரில் எறிந்தேன்.

கெட்ட எண்ணம் இல்லை. முதலில் கழிக்குள்தான் ஓட்டிப் பார்ப்பான். இளங்காற்று, இடுப்பளவுத் தண்ணீர். ஆணி ஆடும், உருளை கடகடக்கும், பாய் சிக்கிக்கொள்ளும். பேஜாராகி, பழையபடியே வைத்துக்கொள்ளலாம் என்பான். அவ்வளவுதான் நான் நினைத்தது.

டீயில் சர்க்கரை அதிகம். எனக்குப் பிடித்த மாதிரி போடச் சொல்லியிருக்கிறான்.

பிப். 10, செவ்வாய்

காற்று பலம். மத்தியானம் ஹ. துறைமுக வாசலுக்கே வந்துவிட்டான். கடையைப் பூட்டிவிட்டு வருகிறவன் அல்ல.

"வர ஞாயித்துக்கெயம முகத்துவாரம் தாண்டி கடலுக்கே போயிடலாம் மாமு. கழில சுத்திகினு இன்னா பிரயோசனம்?"

முதலில் கழியில் ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்றேன்.

"எதுக்கு? நல்லா கெட்டியா மாட்டிக்கீறோம்."

முகத்துவாரத்தில் அலை முன்பின்னாகத் தூக்கிப் போடும். ஆணி அங்கே கழன்றால் கம்பி விடும், பாய்மரம் பின்னால் சாயும். பின்னால் உட்கார்ந்திருப்பவன் மண்டையில் விழும்.

சொல்லியிருக்கலாம். வாசலில் காவல்காரன் நின்றான், லாரி வந்தது. அது சாக்கு. நாற்பது வயதுக்கு மேல் ஆனவன், தோஸ்தோடு கூட்டாக வாங்கிய படகில் பின்னைப் பிடுங்கினேன் என்று எப்படிச் சொல்வது?

பிப். 12, வியாழன்

ராயபுரம் இரும்புக் கடையில் புதுப் பின் ஒன்று வாங்கினேன். சட்டைப் பையில். எண்ணூர் போய்ப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம். இன்னொரு கப்பல் வந்துவிட்டது. இரட்டை ஷிஃப்ட். நாளையும் அப்படியே.

தனம்: "இன்னா, மூஞ்சி பேயறஞ்ச மாரி கீது?" ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. இந்த வீட்டில் சந்தேகம் அவளுக்கும் தொற்றிவிட்டது.

பிப். 15, ஞாயிறு

முதல் ரயிலில் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன்பே ஹ. வந்திருக்கிறான். எப்படி வந்தான்? லாரியாம். படகு தண்ணீரில். முன்பாய் சுருண்டு நின்றது.

மூக்குப் பக்கம் போகப் பார்த்தேன். "அங்க இன்னா வேல? பின்னாலயே குந்து."

உட்கார்ந்தேன். புதுப் பின் சட்டைப் பையிலேயே.

முகத்துவாரத்தை நோக்கிப் போனான். அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் திருப்பினான். மறுபடி போனான், மறுபடி திருப்பினான். காற்று நன்றாகத்தான் இருந்தது. ஏன் தாண்டவில்லை? கேட்டேன். சுருட்டும் கயிற்றை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னான். இழுத்தேன். பாய் ஒழுங்காகச் சுருண்டது. கொம்பு சரியாக என் கைக்கு எட்டியது.

"முட்டி எப்டி கீது?"

எந்த முட்டி என்றேன்.

"சும்மா கெட மாமு. போன மழைக்கு முன்னாடிலேருந்து பாத்துக்கினுதான் கீறேன். மூக்குலேருந்து திரும்பி வர்றதுக்குள்ள ஒனக்கு உயிரு போவுது. ஒரு நாளு தண்ணில வுழுவ."

பட்டறையில் கேட்டதைச் சொன்னேன். ஒண்டி ஆளாக ஓட்டத்தானே இதெல்லாம் என்றேன்.

"அதுவும்தான். நீ வாய மூடவே மாட்ட. மாசத்துல ஒரு நாளு நிம்மதியா போலாம்னு நெனச்சேன். ரெண்டுத்துக்கும்தான் மாட்டினேன். தப்பா?"

தப்பில்லை. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. படகு மறுபடி முகத்துவாரத்தின் பக்கம் திரும்பியது. அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஹனீஃபா, போவாத. ஆணில பின்னு இல்ல. நான்தான் புடுங்கிட்டேன்."

சுக்கானை அசைக்காமல் என்னைப் பார்த்தான்.

"தெரியும். இந்தப் பொதங்கெயம திரும்ப வந்து பாத்தேன். எட்டி சொன்னான், நீ அங்க குந்திகினு நோண்டிகினு இருந்தேன்னு. அன்னிக்கே வேற போட்டுட்டேன்."

"அப்பால ஏன் கேக்கல?"

"நீயா சொல்றியா பாக்கலாம்னுதான் இங்கயே சுத்திகினு கீறேன்."

"சொல்லாம இருந்தா?"

"கரைல எறக்கிவுட்டு, அப்பால கூப்ட மாட்டேன்."

கோபம் இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் தேவலை. இன்றைக்குப் போதும் என்று கரைக்குத் திருப்பினான். ரயிலில் இருவரும் எதிரெதிரே. தண்டையார்பேட்டையில் இறங்கும்போது, "வரேன்" என்றான். மாமு என்று சொல்லவில்லை.

பிப். 16, திங்கள்

தலைவலி. உரக்கப்பல். மூட்டை எண்ணுவதில் இரண்டு முறை தப்பு, இரண்டும் என்னுடையது. மேஸ்திரிக்கு அதில் பரம சந்தோஷம்.

தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தட்டில் சோற்றைப் போட்டாள். இவளும் எட்டியும் ஊரும் என்ன நினைக்கும் என்று யோசனை ஓடியது. பிறகு அது ஓய்ந்தது. மிஞ்சியது ஹ. என்ன நினைக்கிறான் என்பது மட்டும்தான்.

பிப். 19, வியாழன்

செய்தி இல்லை. கடைப் பக்கம் போகவில்லை. தைலம் தீர்ந்தது.

பிப். 21, சனி

ஆள் அனுப்பவில்லை, ஹ.வே வீட்டு வாசலில். உள்ளே வரவில்லை. தனம் டீ போடவா என்று கேட்டாள். அப்புறம் என்றான். என்னிடம், "நாளைக்குக் காத்து நல்லா இருக்கும்ன்றாங்க. வர்றதுன்னா வா." திரும்பிப் போய்விட்டான்.

பிப். 22, ஞாயிறு

வானம் சுத்தம். கிழக்குக் காற்று. போனேன்.

எட்டி என்னைப் பார்த்ததும் பீடியைத் தேடிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

இத்தனை வருஷத்தில் கிளம்புமுன் முன்பக்கத்தை ஹ. பார்த்ததில்லை. அது என் வேலை, சிங்காரம் பார்த்திருப்பான் என்று விட்டுவிடுவான். இன்று என்னைக் கரையில் நிற்க வைத்துவிட்டு அவனே போனான். உருளையின் ஆணி, பின், கப்பிகள், கயிற்று வளையங்கள், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பின்னின் கால்களை விரலால் அழுத்திப் பார்த்தான். ஒளிக்கவும் இல்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. பிறகு பின்னால் வந்து உட்கார்ந்து, சுருட்டும் கயிற்றை என் இடத்தில் எடுத்துப் போட்டான்.

"ஏறு மாமு."

ஏறினேன். அவன் செய்ததில் தப்பு சொல்ல முடியாது. நானாக இருந்தால் ஏற்றியே இருக்க மாட்டேன்.