பதினெட்டு என்று எழுதினேன்

தங்கச்சிக்கு,

"நீ பக்கத்துல இருந்தியேக்கா, அப்பாவுக்கு அதுவே போதும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாய். உன் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன்.

அப்பா போன அன்று மதியம் என் வார்டில்தான் இருந்தார். "என்ன நர்சம்மா, படுத்துக்கிட்டே மாடிப்படி ஏறுற மாதிரி மூச்சு வாங்குதே" என்று சிரித்தார். "சும்மா படுங்கப்பா" என்றேன். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். நாங்கள் யாரும் எண்ணுவதில்லை. எல்லாருக்கும் பதினெட்டு என்று எழுதிவிடுவோம். அவருக்கும் அப்படியே எழுதினேன். முப்பதைத் தாண்டினால் அவசரக் குழுவைக் கூப்பிட்டே ஆக வேண்டும். எண்ணியிருந்தால் கூப்பிட்டிருப்பேன். ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் ஓடி வந்தபோது எண்ணுவதற்கு மூச்சே இல்லை.

அழுது அழுது என் மடியிலேயே நீ தூங்கிப்போனாய். கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுக்க உன் மூச்சை எண்ணினேன். பதினாறு.

உன் அக்கா