பென்சில் கோட்டுக்குக் கீழே

சுருவில்,
1989 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.

என் அருமைச் சின்னண்ணைக்கு,

இன்று எனக்கு எழுபது வயது, ஐந்து மாதம், மூன்று நாள். இன்னும் பதினைந்து மாதம் உயிரோடிருந்தால் நீங்கள் இறந்த வயதைத் தாண்டிவிடுவேன். தங்கை அண்ணனுக்கு மூத்தவளாவது முறையல்ல. ஆகவே சொல்ல வேண்டியதை அதற்கு முன்னரே சொல்லிவிட எண்ணியிருக்கிறேன்.

நாளை மறுநாள் உங்கள் மூன்றாவது ஆட்டைத் திவசம். படைத்து முடிந்து, உறவினர் இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு, பரிமாறுவதற்கு முன்னர், இக்கடிதத்தை நானே உரத்து வாசிப்பேன். பசியோடு இருப்பவர்கள் நடுவில் எழுந்து போக மாட்டார்கள். பின்னர் இதை அச்சிட்டு, உங்கள் முப்பத்தோராம் நாளில் கல்வெட்டு என்ற நினைவுப் பாடற் புத்தகத்தைப் பெற்றுக்கொண்ட எல்லா வீடுகளுக்கும் அனுப்புவேன்.

அந்தக் கல்வெட்டை நீங்கள் வாசித்திருக்க வழியில்லை. பெரியப்பாவின் மகன் தம்பு பாட்டெழுதினான். ‘மதுவின் மணமும் அறியா மாசிலா மாணிக்கம்’ என்று உங்களைப் பாடியிருக்கிறான். முப்பது வருடம் அமெரிக்கக் கப்பல்களில் இயந்திரம் ஓட்டி, ஒரு றங்குப்பெட்டி நிறையப் போர்பன் போத்தல்களோடு ஊர் திரும்பிய மனிதரை! அச்சுப்பிழை பார்க்க என்னிடம் தந்தார்கள். ‘மாணிக்கம்’ என்பதில் ஒரு காலைத் திருத்திக் கொடுத்தேன். மற்றப் பிழையை விட்டுவிட்டேன்.

அது ஒரு பொய்யாகவே இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். இறந்தவர்களைக் கழுவித்தானே எடுக்கிறோம். ஆனால் உங்கள் பெயரைச் சுற்றி இன்னொரு பொய்யும் நிற்கிறது. அது உயிரோடிருக்கும் ஒருவரின் தலையில் இருக்கிறது. செல்லையா வருகிற வெள்ளிக்கிழமை காலை குறிகட்டுவானிலிருந்து பஸ் ஏறி, மகளோடு கிளிநொச்சிக்குப் போகிறார். திரும்பி வரும் வயது அல்ல அவருக்கு. நாலு வருடமாகக் கள்ளன் என்ற பெயரைச் சுமந்தவர் அந்தப் பெயரோடேயே இந்தத் தீவை விட்டுப் போவதா என்பதுதான் இப்போதைய கேள்வி.

‘அவர்’ என்று எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். எங்கள் வளவுப் பனைகளில் கள்ளிறக்கிய செல்லையாவை ‘அவன்’ என்றே சொல்லிப் பழகிய வாய் இது. பட்டப்படிப்பு அந்தப் பழக்கத்தை அசைக்கவில்லை. நீங்கள் மட்டும், திரும்பி வந்த முதற் கிழமையே, அவரை விறாந்தைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, உங்கள் கிளாஸுக்குச் சோடியான மற்றக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தீர்கள்.

“அந்தக் கிளாஸ் இனிக் குசினிக்குள்ளை வராது” என்றேன்.

“அப்ப என்ரையும் வராது, பரமேசு” என்றீர்கள். “ரெண்டும் விறாந்தை அலுமாரியிலை இருக்கட்டும். நானே கழுவுறன்.”

கழுவினீர்கள், கப்பற்காரர் கழுவுவதுபோல. கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு குலுக்கல். நானென்றால் சாறு பிழிந்த தேசிக்காய்க் கோதால், அந்தப் புளிப்பு மணம் ஏறும்வரை தேய்க்காத பாத்திரத்தைப் பாத்திரம் என்று சொல்வதில்லை. “ரீச்சர் கழுவின பேணியிலை தண்ணி குடிச்சா ஊறுகாய் குடிச்ச மாதிரி” என்று நீங்கள் செல்லையாவிடம் சொல்லிச் சிரித்தது யன்னல் வழியாகக் கேட்டது.

அந்த மாதம் முழுவதும் நீங்கள் இருவரும் செய்த ஆராய்ச்சியை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பெட்டியில் மூன்று வகைப் போர்பன் இருந்தது. எல்லாம் சோளத்தில் வடித்து, உட்புறம் கருக்கிய மரப்பீப்பாவில் வருடக்கணக்காய்க் கிடத்திய சாராயந்தான். இரசாயனம் கற்பித்தவளுக்கு அவற்றிடையே பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நீங்களோ வந்து போகிறவர்கள் வாசிக்காதபடி லேபல்களை ஊறவைத்து உரித்து, வெறுங் கடதாசிப் பட்டி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தீர்கள். ஒன்று ‘மாப்பிள்ளை’, வருடம் கூடியது, மினுக்கமானது. ஒன்று ‘பெரியமாமி’, வாய்க்குள் போன உடனேயே தொண்டையைப் பிடிக்கும். மூன்றாவதற்கு நெடுநாள் பெயர் இருக்கவில்லை.

எது நாளாந்தம் குடிக்க உகந்தது என்பதே வழக்கு. “மாப்பிள்ளையை ஒவ்வொரு நாளும் வீட்டிலை வைச்சிருக்க ஏலுமே?” என்று கேட்டவர் செல்லையா. “பக்கத்திலை இருந்து புகழ வேணும் ஐயா. இது குடிச்சிட்டுக் கதைக்கிற சாமான் இல்லை. இதைப் பற்றியே கதைக்கிற சாமான்.” பெரியமாமிக்குப் பொரித்த மீன் ஒத்துவரவில்லை. எங்கள் உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தால் மாப்பிள்ளை உடனே முகஞ்சுளித்தார். பெயரில்லாத அந்த மூன்றாவது மட்டும் உவரையும் தாங்கியது, கூழோடும் போனது, குடித்த பிறகு மறந்தும் போனது. கோயிற் கிணற்றுத் தண்ணீர் விட்டால் அதில் ஒரு தேன்வாசம் எழும்பும் என்று கண்டுபிடித்தவரும் செல்லையாதான். அந்தக் கிணற்றில் வாளி விட உரிமையில்லாத ஒருவருக்கு அதன் தண்ணீரின் குணம் தெரிந்திருந்தது.

“இது தபால்காரர், ஐயா. வருவார், குடுப்பார், போயிடுவார். நாளைக்கும் வருவார்.”

நீங்கள் தொடையில் அடித்துச் சிரித்தீர்கள். பனையேறும் மனிதர், எந்தக் கள் எந்த மரத்தினது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், அமெரிக்காவின் பீப்பாவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் ஆறு வருடம் ஆறு மணிக்குத் தபால்காரர் வந்தார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து போர்பன் பார்சல் வருவது நின்றது. உங்களுக்கு அனுப்பி வைத்த சிநேகிதரின் வீடே அங்கே இல்லாமற் போயிற்று. பெரியமாமியும் முடிந்து, தபால்காரர் ஒரு போத்தலும் மாப்பிள்ளை ஒரு போத்தலும் மிஞ்சின. எண்பத்தைந்தின் தொடக்கத்தில் அந்தக் கடைசித் தபால்காரரைத் திறந்தீர்கள். ஒரு நாளைக்கு உங்களுக்கு ஒரு விரல், செல்லையாவுக்கு அரை விரல். எண்ணெய்த் தாங்கியில் மட்டம் பார்ப்பதுபோலக் கடதாசிப் பட்டியில் பென்சிலால் கோடு போட்டீர்கள். வள்ளங்கள் கடலுக்குப் போகாத மாதங்கள் அவை. வானத்தில் சத்தம் கேட்டால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடினோம். நீங்கள் மட்டும் போத்தலையும் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்.

பிறகு மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. ஒரு நாள் அல்ல, ஒரு மாதம். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. தம்புதான் பேசினான். “விறாந்தையிலை ஏத்தினா இதுதான். மத்தியானம் நீங்கள் படுக்கேக்கை அவன் வளவுக்குள்ளைதானே நிக்கிறவன்?”

நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அன்று ஆறு மணிக்கு விறாந்தையில் நடந்தது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம்.

“செல்லையா, கேக்கிறன் எண்டு கோவிக்காதையும். இதிலை நீர் கை வைச்சனீரோ?”

கிளாஸ் ஒன்று மேசையில் வைபடும் சத்தம் கேட்டது. என் கையும் நின்றது.

“ஓம், ஐயா.”

“கேட்டிருந்தாத் தந்திருப்பனே.”

“ஓம், ஐயா.”

கதிரை பின்னால் இழுபட்டது. படலை திறந்து மூடியது. நான் மிச்சத் தேங்காயையும் திருவினேன்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு வளவும் அவருக்கு மரம் கொடுக்கவில்லை. புங்குடுதீவில் மகளிடம் போனார். நீங்களோ குடிப்பதையே விட்டுவிட்டீர்கள். அது எனக்குப் பிடிபடவில்லை. போத்தல் உங்களுடையது, ருசி உங்களுடையது, பிறகென்ன? ஆறு மணிக்கு அலுமாரியைத் திறந்து பார்ப்பீர்கள், மூடுவீர்கள். “தனிய இருந்து குடிச்சா எல்லாம் மாப்பிள்ளைதான், பரமேசு” என்றீர்கள் ஒரு முறை. அடுத்த பங்குனியில் இறந்துபோனீர்கள். அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு மாலையாவது நீங்கள் சிரித்தீர்களா? எனக்கு ஞாபகமில்லை.

உங்கள் எட்டாம் நாள் படையலுக்கு, விரும்பியதெல்லாம் வைக்க வேண்டுமென்று பெண்கள் சொன்னார்கள். ஆண்கள் காணாதவர்கள்போல் அப்பால் திரும்பிக்கொள்ள, தம்பு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தான். விலை உயர்ந்தது அல்லவா! அப்போது பின்வேலிப் படலையில் செல்லையா நிற்பதாகச் சொன்னார்கள். உள்ளே வரவில்லை. நான் போனேன்.

“ரீச்சர், மாப்பிள்ளையை வையாதேங்கோ. ஐயா தொடமாட்டார். தபால்காரரை வையுங்கோ. கோயில் கிணத்துத் தண்ணி விடுங்கோ.”

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “ஏன் செல்லையா அண்டைக்கு ஓம் எண்டு சொன்னனீ?”

அவர் என்னைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்தார். “எனக்கு மூக்கு இருக்கு, ரீச்சர். என்னைக் கள்ளன் எண்டா ஊர் புதிசாய் ஒண்டும் சொல்லேல்லை.” அவ்வளவுதான். போய்விட்டார்.

நான் தபால்காரரை வைத்தேன். கோயிற் கிணற்றுத் தண்ணீரை அளந்து விட்டேன். நீங்கள் வந்து உண்ணவென்று கதவைச் சாத்தினோம். சற்றுப் பொறுத்துத் திறந்தபோது கிளாஸ் வைத்தபடியே இருந்தது. ஒரு துளி குறையவில்லை. குறையாது என்பது எனக்குத் தெரியும், இரசாயனம் கற்பித்தவள். ஆனாலும், சின்னண்ணை, அந்தக் குறையாத கிளாஸைப் பார்த்தபோது பயந்ததுபோல் நான் எந்தக் குண்டுச் சத்தத்துக்கும் பயந்ததில்லை. வேண்டாம் என்றீர்களா? யார் கையால் வேண்டாம் என்றீர்கள்?

மூன்று வருடமாக ஆறு மணிக்கு விறாந்தையில் கதிரை இழுபடுகிறது. போய்ப் பார்த்தால் கதிரை அசையாமல் நிற்கிறது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்தச் சத்தம் என் நம்பிக்கையைக் கேட்டுவிட்டு வருவதுமில்லை. பின்னேரக் கடற்காற்றில் மரம் குளிர்ந்து சுருங்கும் சத்தமென்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். பிறகு தபால்காரரின் மணம் வருகிறது. அதற்கு விளக்கம் தேடவில்லை. போத்தல் அதே அலுமாரியில்தான் இருக்கிறது. கடைசிக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே, எட்டாம் நாள் விட்ட மட்டத்திலேயே நிற்கிறது. சில மாலைகளில் கதிரைப் பக்கமிருந்து உங்கள் குரல் கேட்கிறது. செல்லையாவிடம் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இப்போது யாரிடம் கேட்கிறீர்கள்? விறாந்தையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லையே.

நேற்றுச் செல்லையாவுக்கு ஆளனுப்பினேன். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். “திவசத்துக்கோ, இல்லை, சும்மாவோ எண்டு கேட்டவர்” என்றான் போய் வந்தவன். இரண்டுக்குமில்லை. உங்கள் கதிரைக்கு எதிரே இருக்கும் அவருடைய கதிரையில் முன்வாசல் வழியாக வந்து அவர் உட்கார வேண்டும். தம்பு உட்பட எல்லோரும் பார்த்திருக்க, அந்தக் கிளாஸ்கள் இரண்டையும் நான் என் குசினிக்குள் கொண்டுபோய்க் கழுவி எடுத்து வந்து, போத்தலில் மிஞ்சியதை ஊற்றுவேன். அன்றிலிருந்து அவை என் குசினியிலேயே இருக்கும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அவர் கிளாஸைத் தூக்குமுன் நான் சொல்லப்போவது இதுதான். எண்பத்தைந்தில், சித்திரைக்கு முந்திய அந்த மாதத்தில், நீங்கள் மத்தியானம் உறங்கும்போது, பயந்துகொண்டிருப்பது அலுத்துப்போய், தபால்காரரைக் குடித்தவள் நான். முதல் நாள் ஒரு மேசைக்கரண்டி. பிறகு கரண்டி போதவில்லை. உங்கள் கிளாஸை எடுத்தால் நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று, என் குசினிக்குள் வரக்கூடாதென்று நான் தடுத்த செல்லையாவின் கிளாஸில் குடித்தேன். குடித்த பின் ஒவ்வொரு நாளும் அதைத் தேசிக்காய்க் கோதால் மணக்க மணக்கக் கழுவி வைத்தேன்.

உங்கள் தங்கை,
பரமேசு